குற்றால நீரும் கடல் நீரும்: அயனிப் பரிமாற்றச் சவ்வில் தோன்றும் மின்னழுத்தம்

ஆய்வுச் சுருக்கம்

வெவ்வேறு உப்புக் கரைசல்களைப் பிரிக்கும் அயனிப் பரிமாற்றச் சவ்வின் இருபுறமும் மின்னழுத்த வேறுபாடு தோன்றுகிறது. செறிவு வேறுபாடு மட்டுமே இதற்குக் காரணம் எனக் கொண்டு கணக்கிடுவது, இயற்கை நீர்நிலைகளைப் பொறுத்தவரை பிழையான விடையைத் தரும். எந்த அயனி, எத்தனை மின்னூட்டத்துடன் உள்ளது என்பதும் விடையைத் தீர்மானிக்கிறது. குற்றாலத்தில் அருவியாக விழுந்து கடல்வரை செல்லும் சிற்றாற்று நீரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அயனிப் பரிமாற்றச் சவ்வு, டோனன் சமநிலை, ஈரயனி மின்னழுத்தம், சிற்றாறு, மக்னீசியம்

முன்னுரை

குற்றாலத்தில் அருவியாக விழும் சிற்றாறு தென்காசியைக் கடந்து சீவலப்பேரியருகே தாமிரபரணியில் கலக்கிறது. முக்கூடற்பள்ளு வழியாகத் தமிழாய்வாளர் நன்கறிந்த கூடல் இது. பின்னர் அந்நீர் புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவை அடைகிறது. கடினமான பாறைகளின்மேல் விரைந்து இறங்கும் அருவிநீரில் கரைந்துள்ள உப்பு மிகக் குறைவு. கடல்நீரிலோ லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. இவ்விரு நீரையும் ஒரு சவ்வு பிரித்தால் எவ்வளவு மின்னழுத்தம் கிடைக்கும் என்பது எளிய வினாவாகத் தோன்றும். விடை அத்துணை எளிதன்று.

சவ்வின் செயல்

நேரயனிப் பரிமாற்றச் சவ்வு என்பது சல்போனேட் போன்ற எதிர்மின் தொகுதிகள் நிலையாகப் பிணைக்கப்பட்ட பலபடி வலை ஆகும். வலையில் உள்ள எதிர்மின்னூட்டம் சோடியம், பொட்டாசியம் முதலிய நேரயனிகளை உள்ளே ஏற்று, குளோரைடை விலக்குகிறது. இவ்விலக்கத்திற்கான சமநிலையை டோனன் 1911-இல் விளக்கினார். சவ்வின் இரு முகங்களிலும் தோன்றும் டோனன் மின்னழுத்தங்களோடு, உள்ளே அயனிகள் விரவுவதால் எழும் மின்னழுத்தத்தையும் கூட்டியே மொத்த மதிப்பைப் பெறவேண்டும் என்ற கோட்பாட்டை டியோரெல் 1935-இலும், மேயரும் சீவர்சும் 1936-இலும் முன்வைத்தனர். இத்துறையின் அளவீடுகளையும் கோட்பாடுகளையும் ஒருங்கே காண விரும்புவோர்க்கு லட்சுமிநாராயணய்யாவின் 1969-ஆம் ஆண்டு நூல் இன்றும் பயன்படுகிறது.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு தேவைப்படுகிறது. பாடநூல்களில் எதிர்மின்னூட்டம் கொண்ட அயனியே ‘எதிரயனி’. ஆனால் சவ்வின் நிலைத்த மின்னூட்டத்தை ஈடுசெய்யும் அயனியையும் சிலர் அவ்வாறே குறிப்பது குழப்பம் விளைவிக்கிறது. பின்னதற்கு ‘ஈடு அயனி’ என்பது பொருத்தமாகும்; நேரயனிச் சவ்வில் ஈடு அயனி நேர்மின்னூட்டம் உடையது என்பதே இவ்வேறுபாட்டின் தேவையை உணர்த்தும்.

ஒரே உப்பு, வேறு செறிவு

சவ்வின் ஒருபுறம் 0.1 மோலார், மறுபுறம் 0.01 மோலார் சோடியம் குளோரைடு கரைசல் இருப்பதாகக் கொள்வோம். 25 பாகை செல்சியசில் பத்து மடங்கு வேறுபாட்டிற்கு நெர்ன்ஸ்ட் சமன்பாடு 59 மில்லிவோல்ட் தருகிறது. அயனிகளுக்கிடையிலான ஈர்ப்பைக் கணக்கில் கொண்டால் இது 55 அளவிற்குக் குறையும். சோடியம் மட்டும் கடப்பதால் செறிவு குறைந்த பக்கமே நேர்மின்னழுத்தம் பெறுகிறது. சவ்வின்றி இரு கரைசல்களும் நேரே சந்தித்தால், குளோரைடு சோடியத்தைவிட விரைந்து நகர்வதால் அதே பக்கம் ஏறத்தாழ 12 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தம் பெறும். ஆகவே சவ்வு மின்னழுத்தத்தின் அளவை மட்டுமன்றி அதன் குறியையும் மாற்றுகிறது.

ஆய்வகத்தில் இதனை அளக்கும்போது மின்முனைத் தேர்வில் கவனம் வேண்டும். வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனைகளைக் கரைசல்களில் நேரே அமிழ்த்தினால், குளோரைடுச் செறிவு வேறுபாட்டால் எழும் மின்முனை மின்னழுத்தமும் சேர்ந்து ஏறத்தாழ 110 மில்லிவோல்ட் பதிவாகும். சவ்வின் மதிப்பு மட்டும் வேண்டுமெனில் உப்புப்பாலம் தேவை, அல்லது மின்முனைப் பங்கைக் கழித்தல் வேண்டும்.

வேறு உப்புகள், ஒரே செறிவு

இருபுறமும் 0.1 மோலார் செறிவே இருந்து, ஒருபுறம் சோடியம் குளோரைடும் மறுபுறம் பொட்டாசியம் குளோரைடும் இருப்பின், செறிவு வேறுபாட்டை மட்டும் நோக்குபவர் சுழியத்தையே எதிர்பார்ப்பர். உண்மையில் அவ்வாறு நிகழ்வதில்லை. பொட்டாசியம் எளிதில் கடந்து செல்வதால் சோடியக் கரைசல் நேர்மின்னழுத்தம் பெறுகிறது. இதுவே ஈரயனி மின்னழுத்தம். நீரில் இவ்விரு அயனிகளின் நகர்திறன் விகிதம் (1.47) மட்டுமே செயல்பட்டால் 10 மில்லிவோல்ட் கிடைக்கும். சவ்வு எந்த அயனியை விரும்பி ஏற்கிறது என்னும் தேர்வுத்திறனும் இவ்விகிதத்தோடு பெருக்கப்படும். இரு அயனிகளும் தொடர்ந்து இடம் மாறுவதால் இது சமநிலை மதிப்பன்று. நீர்த்த கரைசல்களில், சவ்வை ஒட்டி நிற்கும் மெல்லிய நீரடுக்கின் வழியான விரவலே வேகத்தைத் தீர்மானிக்கும்; கலக்கும் வேகத்தை மாற்றினால் அளவீடும் மாறும். கலக்கும் முறையைக் குறிப்பிடாத அளவீட்டை மற்றொன்றோடு ஒப்பிடுவது பயனற்றது.

ஆற்றுநீரும் கடல்நீரும்

நன்னீரும் கடல்நீரும் கலக்குமிடத்தில் சவ்வுகளால் மின்னாற்றல் பெறலாம் என்று பேட்டில் 1954-இல் காட்டினார். நெதர்லாந்தின் அஃப்ஸ்லாயிட்டைக் கடலணையில் 2014-இல் இதற்கான முன்னோடி நிலையம் திறக்கப்பட்டது. தாமிரபரணிக் கழிமுகத்திற்கு இத்தகைய கணக்கைப் போடுவோர் பெரும்பாலும் தூய சோடியம் குளோரைடையே கொள்வர். ஆற்றில் சோடியம் கடலில் உள்ளதன் நூறில் ஒரு பங்கு எனின், ஒரு நேரயனிச் சவ்விற்கு 118 மில்லிவோல்ட் என்ற கவர்ச்சியான எண் கிடைக்கும்.

மக்னீசியம் இக்கணக்கைக் குலைக்கிறது. ஈரிணைதிற அயனிக்குப் பத்து மடங்கு வேறுபாடு தருவது 29.6 மில்லிவோல்ட் மட்டுமே. எனவே சோடியத்தின் நூறு மடங்கு வேறுபாட்டோடு சமநிலையில் நிற்க, மக்னீசியத்திற்குப் பத்தாயிரம் மடங்கு வேறுபாடு வேண்டும். கடல்நீரில் மக்னீசியம் லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 கிராம், அதன்படி ஆற்றில் 0.13 மில்லிகிராமே இருத்தல் வேண்டும். அருவிநீர் போன்ற மென்னீரிலும் அவ்வளவு குறைவாக இருப்பது அரிது. சமவெளியில் மண்ணையும் பாறையையும் கரைத்து வரும் ஆற்றிலோ இதனினும் பன்மடங்கு மிகுதி. அதனால் மக்னீசியமும் கால்சியமும் செறிவு குறைந்த ஆற்றுநீரிலிருந்து செறிவு மிகுந்த கடல்நீருக்குச் செல்ல, ஈடாகச் சோடியம் மறுதிசையில் வருகிறது. மேட்டை நோக்கி நீர் ஏறுவது போன்ற இந்நிகழ்வை இயக்குவது சோடியத்தின் செறிவு வேறுபாடே. அவ்வேறுபாடு மின்னோட்டமின்றியே செலவாகிறது, மின்னழுத்தமும் குறைகிறது. மேலும் ஈரிணைதிற அயனிகள் சவ்வின் நிலைத்த தொகுதிகளை இறுகப் பற்றுவதால் மின்தடை உயர்கிறது.

தூத்துக்குடி உப்பளங்களில் சமையல் உப்பு படிந்தபின் எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் மேலும் மிகுதி. செறிவு மிக்க கரைசல் என்பதால் அதனைக் கடல்நீருக்கு மாற்றாகக் கருதுவோர், மின்னோட்டத்தைச் சுமக்கும் அயனி அங்கு மாறிவிடுவதைக் கணக்கில் கொள்ளவேண்டும். ஒற்றை மின்னூட்ட அயனிகளை மட்டும் பெரும்பாலும் கடக்கவிடும் சவ்வுகளைப் பயன்படுத்தினால் மின்னழுத்த இழப்பு குறைகிறது. ஆயினும் அச்சவ்வுகளின் மின்தடை பொதுவாகச் சாதாரணச் சவ்வுகளைவிடக் கூடுதலாக உள்ளது.