எடையை விட்டேன், படிகளை எண்ணினேன்

பணி ஓய்வுக்குப் பின் சர்க்கரை நோய் உறுதியானபோது, ஆறு கிலோ எடை குறைக்குமாறு மருத்துவர் அறிவுறுத்தினார். நடைப்பயிற்சியைத் தொடங்கினேன், மூன்றாம் மாதமே கைவிட்டேன். காரணம் சோம்பல் மட்டுமன்று. உணவு, உறக்கம், உடலில் தேங்கும் நீர் எனப் பலவும் எடையைத் தீர்மானிக்கின்றன. வியர்வை சிந்திய வாரத்திலும் எடைக்கருவியின் முள் அசையாது. கூலி கிடைக்காத வேலையை எவர் தொடர்வார்?

பின்னர் இலக்கை மாற்றினேன். அம்மாபேட்டை குமரகிரி மலைக்கோயில் படிகளில் எத்தனை முறை நின்று இளைப்பாறுகிறேன் என்று எண்ணலானேன். முதல் நாள் ஒன்பது. நாற்பது நாள்களில் நான்கு. எடையைப் போலன்றி, இந்தக் கணக்கு என் உழைப்புக்கு உடனே பதில் சொன்னது.

இது என் அனுபவம் மட்டுமன்று. ஏறத்தாழ ஒரு கோடி மாரத்தான் ஓட்ட நேரங்களை ஆராய்ந்த பொருளியல் கட்டுரை ஒன்று 2017-இல் வெளியானது. நான்கு மணி நேரத்துக்குச் சற்று முன் முடித்தோர், அதைச் சற்றே தாண்டி முடித்தோரைவிட மிகுதி என்கிறது அது. கைக்கெட்டும் தொலைவில் ஓர் எண் இருந்தால் களைத்த கால்களும் விரைகின்றன.

சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். 2024 பாரிஸில் 1.85 மீட்டருக்கு வெண்கலம். எண் இறங்கும் ஆண்டுகளும் உண்டு. முழங்கால் வலித்த மாதத்தில் நானும் நான்கிலிருந்து ஆறுக்குத் திரும்பினேன்.

இப்போது இரண்டு. எடை ஒன்றரைக் கிலோதான் குறைந்திருக்கிறது. மருத்துவருக்கு இன்னும் நிறைவில்லை.