நாய்க்கு எதற்கு லைசென்ஸ்?

2023 நவம்பரில் ராயபுரம் ஜி.ஏ. ரோட்டில் ஒரே நாய் இருபத்தைந்துக்கும் மேற்பட்டவர்களைக் கடித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதில் அடக்கம். ஜனங்கள் அந்த நாயை அடித்தே கொன்றுவிட்டார்கள். கடிபட்டவர்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சிகிச்சை நடந்தது. செத்த நாயின் உடலைச் சோதித்தபோது அதற்கு வெறிநோய் (ரேபீஸ்) இருந்தது உறுதியானது.

இப்படி ஒன்று நடந்தால் உடனே தெரிய வேண்டிய விஷயங்கள் இரண்டு. அந்த நாய்க்கு ரேபீஸ் ஊசி போட்டிருக்கிறதா? அதற்குப் பொறுப்பாளி யார்? வீட்டில் வளரும் நாயைப் பொறுத்தவரை, இந்த இரண்டு கேள்விக்கும் முன்கூட்டியே பதிலை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளும் ஏற்பாடுதான் சென்னை மாநகராட்சியின் நாய் லைசென்ஸ். 2025 கடைசியில் லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்ற பேச்சு கிளம்பியதும், இதுவும் மாநகராட்சி காசு பிடுங்கும் இன்னொரு வழி என்றே பலர் நினைத்துவிட்டார்கள். கட்டணம் வருடத்துக்கு 50 ரூபாய். அதில் மாநகராட்சிக்குப் பெரிய வருமானம் ஒன்றும் கிடையாது. ஊசி போட்டதற்கான சான்றிதழ் இல்லாமல் லைசென்ஸ் கிடைக்காது என்பதுதான் இதில் முக்கியம். வருடா வருடம் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும் என்றால், வருடா வருடம் ஊசியும் போட்டாக வேண்டும்.

விண்ணப்பிப்பது மாநகராட்சியின் இணையதளத்தில். செல்போன் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்த பிறகு, உங்கள் முகவரிச் சான்று, உங்கள் போட்டோ, நாயின் போட்டோ, ரேபீஸ் ஊசிச் சான்றிதழ் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். மாநகராட்சியின் கால்நடை மருத்துவர் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்ததும் பணம் கட்டி, லைசென்ஸைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். சான்றிதழில் நாயின் பெயர், ஊசி போட்ட தேதி, மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண் எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும். மங்கலான போட்டோவை ஏற்றினால் விண்ணப்பம் திரும்பி வரும். வீட்டில் இதைச் செய்ய ஆள் இல்லையென்றால், தெருவில் கல்லூரிக்குப் போகும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டால் போதும், கொஞ்ச நேரத்தில் முடித்துக் கொடுத்துவிடும்.

2025 அக்டோபரிலிருந்து லைசென்ஸோடு மைக்ரோசிப்பும் சேர்ந்துகொண்டது. இதைப் பற்றி வீண் பயம் நிறைய இருக்கிறது. சிப் ஒரு அரிசி மணி அளவுதான். ஊசி போலக் கழுத்துத் தோலுக்கு அடியில் செலுத்துவார்கள். மயக்க மருந்து, தையல் எதுவும் தேவையில்லை. அதில் பேட்டரி கிடையாது, அதனால் நாய் எங்கே திரிகிறது என்று யாராலும் கண்காணிக்க முடியாது. உள்ளே இருப்பது ஓர் எண் மட்டுமே. ரீடர் கருவியைப் பக்கத்தில் கொண்டுபோனால் எண் தெரியும். அந்த எண்ணுக்கு எதிரே உங்கள் பெயரும் முகவரியும் ஊசி விவரமும் மாநகராட்சியின் பதிவேட்டில் இருக்கும். காணாமல்போன நாயை வீடு சேர்க்கவும் உதவும். வேண்டாமென்று நாயை யாராவது கடற்கரையில் விட்டுவிட்டுப் போனால், அவரைத் தேடிப் பிடிக்கவும் அதே எண் போதும்.

பொது இடத்துக்குக் கூட்டிப்போகும்போது கழுத்தில் கயிறும் வாயில் மூடியும் இருக்க வேண்டும். 2024 மே மாதம் ஆயிரம்விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை ராட்வைலர் நாய்கள் கடித்தன. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பக்கத்து வீட்டுப் பிட்புல் கடித்து ஒருவரின் உயிரே போனது. மாநகராட்சி கெடுபிடியை இறுக்கியதற்கு இவை முக்கியக் காரணம். அதே ஆண்டு டிசம்பரில் மாநகராட்சி மாமன்றம், இந்த இரண்டு இனங்களுக்கும் இனிப் புது லைசென்ஸ் கிடையாது என்று தீர்மானம் போட்டது. மீறி வளர்த்தால் 1 லட்சம் ரூபாய் அபராதம். ஏற்கெனவே லைசென்ஸ் வாங்கியவர்கள் கயிறும் மூடியுமாகத் தொடர்ந்து வளர்க்கலாம்.

வடசென்னையின் பிரச்சினை ராட்வைலரோ பிட்புல்லோ அல்ல. காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் எண்ணூர்த் தாழங்குப்பத்திலும் நெட்டுக்குப்பத்திலும் நாய்கள் வளரும் விதமே வேறு. கரையில் ஏற்றிவைத்த படகின் நிழலில் படுத்திருக்கும். ஒரு வீட்டில் சோறு, இன்னொரு வீட்டில் மீன் தலை. மணி, கருப்பன் என்று ஏதாவது ஒரு பெயர் வைத்திருப்பார்கள், கூப்பிட்டால் ஓடிவரும். ராத்திரியில் அந்நியர் யாராவது நுழைந்தால் குரைக்கும். ஆனால் ‘இது யாருடைய நாய்?’ என்று கேட்டால், ‘அது தெருநாய்ங்க’ என்பார்கள். 2023-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள் நாய்களை வளர்ப்பு நாய், தெருநாய் என்று இரண்டாகப் பிரிக்கின்றன. வளர்ப்பு நாய்க்கு ஊசி, கருத்தடை எல்லாம் வளர்ப்பவர் பொறுப்பு. தெருநாய்க்கு உள்ளாட்சி அமைப்பு பொறுப்பு. நம் குப்பத்து நாய் நடுவில் நிற்கிறது. மாநகராட்சி வண்டி வந்தால் ‘எங்க நாய், பிடிக்காதீங்க’ என்று தடுப்போம். கடித்துவிட்டால் ‘எங்களுக்குத் தெரியாது’ என்போம். ஊசி தப்பிப்போவது இந்த இடைவெளியில்தான்.

உங்கள் வாசலில் படுத்து, உங்கள் வீட்டுச் சோற்றில் வளரும் நாயை உங்கள் நாய் என்றே பதிவு செய்யுங்கள். லைசென்ஸ் வாங்க அது விலை கொடுத்து வாங்கிய சாதி நாயாக இருக்க வேண்டிய அவசியமில்லை, நாட்டு நாய்க்கும் அதே 50 ரூபாய்தான். ஆனால் மாநகராட்சியும் ஒரு படி இறங்கி வர வேண்டும். லைசென்ஸுக்கும் சிப்புக்குமான 2025 முகாம்கள் திரு.வி.க. நகர், புளியந்தோப்பு, லாயிட்ஸ் காலனி, நுங்கம்பாக்கம், கண்ணம்மாபேட்டை, மீனம்பாக்கம், சோழிங்கநல்லூர் ஆகிய இடங்களில் உள்ள மாநகராட்சிச் செல்லப்பிராணி சிகிச்சை மையங்களில் நடந்தன. எண்ணூர்க்காரருக்குப் பக்கம் என்றால் புளியந்தோப்புதான், அதுவும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர். நாயை ஆட்டோவில் ஏற்றப் பலர் சம்மதிப்பதில்லை. பஸ்ஸில் கேட்கவே வேண்டாம். எண்ணூர் அடங்கிய முதல் மண்டலமும் மாநகராட்சியில்தான் இருக்கிறது. திருவொற்றியூர், கத்திவாக்கம் நகராட்சிகள் சென்னையோடு இணைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. மருத்துவர், சிப், ரீடர் மூன்றையும் ஒரு வண்டியில் ஏற்றிக் குப்பத்துக்கே அனுப்பினால், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஆகும் வேலை எந்த அபராத அறிவிப்பாலும் ஆகாது. உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள், கேட்க உரிமை இருக்கிறது.

நிஜமாகவே யாருடையதும் இல்லாத தெருநாய்களுக்கு வேறு ஏற்பாடு. பிடித்து, கருத்தடை செய்து, ரேபீஸ் ஊசி போட்டு, பொதுவாகப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். ஆபரேஷன் ஆனதற்கு அடையாளம், காதில் இருக்கும் சின்ன வெட்டு. ‘ஏன் திரும்ப இங்கேயே கொண்டுவந்து விடுகிறீர்கள்?’ என்ற கோபம் நியாயமானது. அதற்குப் பதில் வடசென்னையின் சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது. இந்த ஊரில் மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கியது 1860 வாக்கில். பிற்காலத்தில் பேசின் பிரிட்ஜ் நாய்ப் பட்டியில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். நூற்றாண்டுக்கும் மேலாக நடந்தும் நாய்களும் குறையவில்லை, வெறிநோயும் போகவில்லை. ஒரு தெரு காலியானால் பக்கத்துத் தெரு நாய்கள், ஊசி போடாதவை, வந்து இடம் பிடிக்கும், குட்டி போடும். 1960-களிலிருந்தே கருத்தடைதான் வழி என்று ப்ளூ கிராஸ் அமைப்பு சொல்லிவந்தது. 1990-களின் நடுவில் மாநகராட்சி அதற்கு ஒப்புக்கொண்டது. நாடு முழுவதற்குமான விதிகள் 2001-இல்தான் வந்தன.

வழி சரியானது, ஆனால் வேகம் போதவில்லை. 2018 கணக்கெடுப்பில் 60,000-க்கும் குறைவாக இருந்த தெருநாய்கள், 2024-இல் சுமார் 1.81 லட்சம். அவற்றில் கருத்தடை ஆனவை நாலில் ஒரு பங்கு சொச்சம். நூற்றுக்கு எழுபது நாய்களுக்காவது ஊசி போட்டிருந்தால்தான் வெறிநோய் பரவுவது நிற்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2025 ஆகஸ்டில் மாநகராட்சி எல்லா வார்டுகளிலும் தெருநாய்களுக்கு ஊசி போடத் தொடங்கியது அந்தக் கணக்கில்தான். அதே மாதம் 22-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், வெறிநோய் உள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் தவிர மற்ற நாய்களை ஊசிக்கும் கருத்தடைக்கும் பிறகு பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. தெருவில் கண்ட இடத்தில் சோறு வைக்கக் கூடாது, அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னது. காசிமேட்டு ஏலக்கூடத்தைச் சுற்றிக் குவியும் மீன் கழிவை அன்றன்றைக்கு அள்ளாமல், சோறு வைப்பவர்களை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை.

தெருவில் நாய்த் தொல்லை, காதில் வெட்டில்லாத நாய், நுரை தள்ளிக்கொண்டு திரியும் நாய் எதுவானாலும் 1913-க்குப் போன் செய்யலாம். புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடித்துவிட்டால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் குழாயடிக்குப் போங்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் காயத்தைக் கழுவ வேண்டும். மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் வைக்காதீர்கள். பிறகு அரசு ஆஸ்பத்திரி. ஊசி இலவசம். மருத்துவர் சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும். ரத்தம் வரும் அளவுக்குக் கடித்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்தும் போடுவார்கள். அதை வேண்டாமென்று சொல்லாதீர்கள். நோய் முற்றி அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாது.

கடித்த நாயைக் கொல்லாமல் 10 நாள் கவனிப்பது அதற்கு அடுத்த வேலை. 10 நாளும் நாய் நன்றாக இருந்தால், கடித்த சமயத்தில் அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று அர்த்தம். மீதி ஊசிகளைப் பற்றி மருத்துவர் அதை வைத்து முடிவெடுப்பார். அதுவரை கடிபட்டவர் ஊசியை நிறுத்தக் கூடாது. ஆனால் 10 நாள் கவனிக்க அந்த நாய் யாருடையது, எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். லைசென்ஸ் உள்ள நாயென்றால் மாநகராட்சி மருத்துவர் நேராக அந்த வீட்டு வாசலுக்கே போய்ப் பார்க்கலாம்.