இடைவெளி சொல்லும் நீர்க்கணக்கு

வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள் நிலத்தடி நீரைக் கண்டுபிடித்துவிடுகிறதாமே, அப்படியானால் கிணறு வெட்ட இடம் பார்த்துத் தருமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தராது. மண்ணுக்கடியில் ஆழத்தில் கிடக்கும் நீரை அது பார்ப்பதில்லை. பத்திரிகைத் தலைப்புகளில்தான் அதற்கு ஞானதிருஷ்டி வாய்த்திருக்கிறது. ஆயினும், பாராமலே அறிந்துகொள்ளும் உபாயம் ஒன்று உண்டு என்பதும், அதைக்கொண்டு நம் நாட்டின் வடமேற்குப் பிரதேசத்தைப் பற்றி அசௌகரியமான கணக்கு ஒன்று வெளிவந்தது என்பதும் மெய்யே.

2002 மார்ச்சில் அமெரிக்க நாசாவும் ஜெர்மானியரும் சேர்ந்து ஏவிய 'கிரேஸ்' என்பது ஒரு கோள் அன்று, இரண்டு. சுமார் 500 கி.மீ. உயரத்தில், ஒரே பாதையில், ஏறத்தாழ 220 கி.மீ. இடைவெளி விட்டு ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டு, அந்த இடைவெளி தலைமயிரின் கனத்தைவிடப் பன்மடங்கு சிறிய அளவில் மாறினாலும் நுண்ணலைகளால் அதைக் கண்டு குறித்துவைப்பதே அவற்றின் முழுநேர உத்தியோகம்.

இடைவெளி ஏன் மாறவேண்டும்? கடைத்தெருவில் அண்ணன் முன்னும் தம்பி பின்னுமாக, இடையில் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மிட்டாய்க்கடை நெருங்க நெருங்க அண்ணனுடைய நடை துரிதப்படுகிறது, நூல் நீள்கிறது. கடையைத் தாண்டிய பிறகு அவனுக்குக் கால் எழவில்லை, தம்பியோ இப்போதுதான் ஆவலுடன் ஓடி வருகிறான், நூல் சுருங்குகிறது. தம்பியும் தாண்டித் தயங்கும்போது அது பழைய நீளத்துக்கு மீள்கிறது. நூலை மட்டும் கணந்தோறும் அளப்பவன், கடையைப் பாராமலே, அங்கே எவ்வளவு பண்டம் குவிந்திருக்கிறதென்று சொல்லிவிடலாம். சென்ற மாதத்து ஆவல் இந்த மாதம் இல்லையெனில் சரக்குக் குறைந்துவிட்டது என்று பொருள். கோள்களுக்குப் பண்டம் என்பது கீழே நிலத்திலும் நீரிலும் உள்ள பாரம், ஆவல் என்பது அந்தப் பாரத்தின் ஆகர்ஷணம். ஆனால் குறைந்தது லட்டா, ஜிலேபியா என்பதை நூல் சொல்லாது. அடுத்தடுத்து இரண்டு கடைகள் இருந்தால் எதில் குறைந்தது என்றும் சொல்லாது. எதிர்க்காற்றால் சிறுவர் நடை தளர்ந்தால் அதையும் ஆவலின் குறைவென்றே எண்ணிவிடும். அந்த உயரத்திலும் மெல்லிய காற்று உராய்வதால், அதன் உபத்திரவத்தை அளந்து கழிக்க ஒவ்வொரு கோளின் மையத்திலும் ஒரு கருவி வைத்திருந்தார்கள்.

 

நாசாவின் மாத்யூ ரோடெல் என்ற விஞ்ஞானி, இருவரைத் துணைகொண்டு, 2009-இல் 'நேச்சர்' இதழில் எழுதியது லட்டு, ஜிலேபிப் பிரச்சினைக்கு ஒரு விடை. கோள்கள் சொல்வது மொத்தப் பாரத்தின் மாற்றத்தை மட்டுமே. அதிலிருந்து மேல்மண்ணின் ஈரத்தைக் கணினிக் கணக்கால் கழித்தால் எஞ்சுவது நிலத்தடி நீர். ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா மூன்றிலும் சேர்த்து, 2002 ஆகஸ்டு முதல் 2008 அக்டோபர் வரை 109 கன கிலோமீட்டர் நீர் போய்விட்டிருந்தது. மழையோ ஏறத்தாழ வழக்கம்போலவே பெய்திருந்தபடியால், பழி பாசனத்துக்கு இறைப்பதன்மீது விழுந்தது. அப்பிரதேசம் முழுவதும் பரப்பினால் இது ஆண்டுக்கு 4 சென்டிமீட்டர். நீர் மண்ணின் துளைகளில் மட்டுமே தங்குவதால், நீர்மட்டம் சராசரியாக ஆண்டுக்கு 33 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு. அந்த நாலு சென்டிமீட்டருக்கும் கூடவோ குறையவோ ஒன்று இருக்கலாம் என்று ஆசிரியர்களே எழுதியிருந்தார்கள். அந்தக் கால்பங்குச் சந்தேகத்துக்குத் தலைப்புகளில் இடம் கிடைக்கவில்லை. எந்த மாவட்டம், எந்தக் கிராமம் என்பதற்கோ, மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை கிணறுகளில் அளக்கும் நீர்மட்டமே கதி.

கிரேஸ் 2017-இல் ஓய்ந்து, அதன் வாரிசு 2018 மே மாதம் ஏவப்பட்டபோது, பரீட்சார்த்தமாக லேசரும் சேர்த்து அனுப்பப்பட்டது. உடனே, இனி ஒவ்வொரு வயலின் நீரும் தெரிந்துவிடும் என்ற தோரணையில் பேச்சு எழுந்தது. லேசரால் நூலின் அளவு துல்லியமாயிற்று, கடைகள் விலகித் தெரியவில்லை; லட்சம் சதுர கிலோமீட்டருக்குக் குறைந்த விஸ்தீரணத்தைப் பிரித்தறிய முடியாத அந்த மங்கல் பெரும்பாலும் உயரத்தால் வருவது. கோள்களைக் கீழே இறக்கினால் மங்கல் குறையும், ஆனால் அங்கே காற்று அதிகம். உராய்வில் அவற்றின் ஆயுளும் குறையும்.