மீதியை வெள்ளித்திரையில் காண்க



சங்கரன்கோவிலில் விசைத்தறியில் உழைக்கும் ஒரு குடும்பம் ஐந்து பேராகத் திரைப்படம் பார்க்கப் போனால், நுழைவுச் சீட்டு, பிள்ளைகளுக்குத் தின்பண்டம் என்று ஒருவரின் ஒரு நாள் கூலி கரைந்துவிடும். அந்தச் செலவுக்கு அவர்களை இணங்க வைப்பது பெரும்பாலும் கைப்பேசியில் பார்த்த இரண்டு நிமிட முன்னோட்டம்தான். டிரெய்லர் என்று நாம் சொல்லும் இது நம்மை எப்படி இழுக்கிறது என்று சற்றே பார்ப்போம்.

இந்தக் கலை நமக்குப் புதிதல்ல. முன்பெல்லாம் மாட்டு வண்டியில் தட்டி கட்டி, கொட்டு முழக்கத்தோடு தெருத்தெருவாக நோட்டீஸ் போட்டுக்கொண்டு போவார்கள். பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள். கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கமும் இருக்கும். நாயகி ஆபத்தில் சிக்கும் இடம் வரை சொல்லிவிட்டு, “மீதியை வெள்ளித்திரையில் காண்க” என்று நிறுத்திவிடுவார்கள். பாதியில் நின்ற கதையை மனம் எளிதில் விடாது. இன்றைய டிரெய்லரும் இதே வித்தையைத்தான் செய்கிறது.

ஆனால் பாட்டுப் புத்தகம் கதையை வரிசையாகச் சொன்னது. டிரெய்லரோ ஒரு நொடி, இரண்டு நொடித் துண்டுகளை எடுத்து வேறு வரிசையில் ஒட்டுகிறது. ஒரு காட்சியில் பேசிய வசனம் இன்னொரு காட்சியின்மேல் ஓடும். நாயகன் அழுவதையும் யாரோ ஓடுவதையும் அடுத்தடுத்துக் காட்டினால், நடுவில் உள்ளதை நாமே இட்டு நிரப்பிக்கொள்கிறோம். நாமே கட்டிய கதை அல்லவா, அதை நம்பிவிடுகிறோம். இசையின் பங்கு இன்னும் பெரியது. மெல்லத் தொடங்கி ஏறிக்கொண்டே போய்த் திடீரென நிற்கும். அந்த அமைதியில்தான் நாயகனின் ஒற்றை வசனம் விழும். ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள், பாதி மயக்கம் தெளிந்துவிடும்! போதாததற்கு, ஒரே நாளில் இத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள் என்ற கணக்கும் விளம்பரமாகிறது. நாம் மட்டும் பின்தங்கலாமா என்று தோன்றிவிடுகிறது.

2016 மே 1 அன்று வந்த ‘கபாலி’ டீசர் பலருக்கு நினைவிருக்கும். கோட்டு சூட்டில் ரஜினிகாந்த் நடந்து வந்த மிடுக்கே ஊர்ப் பேச்சானது. ஜூலை 22இல் படம் வெளியானபோது, அவர் உருவம் தீட்டிய ஏர் ஏசியா விமானம்கூடப் பறந்தது. பா. ரஞ்சித் எடுத்திருந்ததோ, சிறையிலிருந்து வெளிவந்தவர் தம் மனைவியைத் தேடி அலையும் கதை. மலேசியத் தமிழரின் வாழ்வும் அதில் உண்டு. அந்தத் தேடல்தான் படத்தின் நல்ல பகுதி என்பது நம் எண்ணம். ஆனால் அதிரடியை மட்டும் எதிர்பார்த்துப் போனவர்கள் முகம் வாடித் திரும்பினார்கள்.

டிரெய்லரில் காட்டியது படத்தில் இல்லை என்றால் வழக்குத் தொடுக்க முடியுமா? மராட்டியப் பெண் ஒருவர் தொடுத்தார். ஷாருக் கான் நடித்து 2016இல் வந்த ‘ஃபேன்’ படத்தின் முன்னோட்டத்தில் ஒரு பாடல் இருந்தது. அதை நம்பிக் குடும்பத்தோடு போனார். படத்தில் அந்தப் பாடலே இல்லை. மாநில ஆணையமும் தேசிய நுகர்வோர் ஆணையமும் அவர் பக்கம் நின்றன. 10,000 ரூபாய் இழப்பீடும் 5,000 ரூபாய் வழக்குச் செலவும் கிடைக்க வேண்டியிருந்தது. ஆனால் 2024 ஏப்ரல் 22 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. முன்னோட்டம் வெறும் விளம்பரமே, அது பார்வையாளருக்குத் தரும் வாக்குறுதி ஆகாது, அதனால் ஒப்பந்தம் எதுவும் உருவாவதில்லை என்பது தீர்ப்பு.

ஆகவே பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்களுக்கு டிரெய்லரைவிடப் பயன்படுவது படத்தின் தணிக்கைச் சான்றிதழ். 2024 முதல் யுஏ பிரிவை 7+, 13+, 16+ என்று வயதுவாரியாகப் பிரித்துத் தருகிறார்கள். திரையரங்கில் ஓடும் டிரெய்லருக்குத் தனிச் சான்றிதழ் உண்டு. அதில் உள்ள எழுத்தைப் பார்த்துப் படத்தையும் அப்படியே எண்ணிவிட வேண்டாம். சீட்டு வாங்குமுன் பார்க்க வேண்டியது படத்தின் சுவரொட்டியில் மூலையில் சிறிதாக அச்சிட்ட எழுத்தைத்தான்.