தாது வருடப் பஞ்சமும் பக்கிங்காம் கால்வாயும்

சென்னை மாகாணத்தை 1876–78இல் வாட்டிய பெரும்பஞ்சத்திற்குத் தாம்பரம் வட்டாரத்தை உள்ளடக்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டமும் தப்பவில்லை. மக்கள் வழக்கில் அதன் பெயர் ‘தாது வருடப் பஞ்சம்’. மழை பொய்த்த தமிழாண்டே பஞ்சத்தின் பெயராயிற்று.

அரசு நிவாரணம் பெரும்பாலும் உடலுழைப்பிற்கு ஈடாகவே அளிக்கப்பட்டது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் கால்வாய் 1877–78இல் பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. சோழிங்கநல்லூர், முட்டுக்காடு வழியே தெற்கே செல்லும் நீர்வழி இதனால் வடக்குக் கால்வாயோடு இணைந்தது.

1877இன் தொடக்கத்தில் ரிச்சர்டு டெம்பிள் வகுத்த நாட்கூலி, ஆணுக்கு ஏறத்தாழ 450 கிராம் தானியமும் ஓரணாவும் ஆகும். கடும் உழைப்புக்கு இது போதாதெனச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட்டார். அவ்வாண்டிலேயே கூலி உயர்த்தப்பட்டது.

கால்வாய் அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மண் சுமந்தோரின் சுவடு அப்பெயரில் இல்லை. ஆண்டுப் பெயர் மக்கள் பட்ட துயரையும் கால்வாய்ப் பெயர் ஆட்சியின் செயலையும் நினைவுறுத்துகின்றன. எனவே, வட்டார வாய்மொழி வழக்காறுகளையும் நிவாரண ஆவணங்களையும் இணைத்து ஆராயும்போதே பஞ்ச வரலாறு முழுமை நோக்கி நகரும்.