ஓசை இல்லாத கள்ளுக்கடை

வானொலியில் பேசுவதுதான் என் தொழில். காலையில் வேலைக்குப் போகிறவர்களை உற்சாகப்படுத்துவேன். இரவில் நேயர்களின் மனக்கவலைக்கு ஆறுதல் சொல்வேன். ஆனால் பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆபாசப் படங்களுக்கு நான் அடிமையாக இருந்தேன்.

குடும்பத்தோடு படிக்கும் இந்த இதழில் இதை எழுத வேண்டுமா என்று தயங்கினேன். குடும்பங்களுக்குள்தான் இது நடக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

என் தாத்தாவும் பாட்டியும் சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். நான் குடும்பத்தின் முதல் பட்டதாரி. ஊடகத் துறை படிக்கக் கோலாலம்பூர் போனபோது எனக்கு வயது 19. விடுதி அறையில் விளையாட்டாகத் தொடங்கியது, வேலை கிடைத்து, திருமணமாகி, குழந்தை பிறந்த பிறகும் கூடவே வந்தது. இரவு ஒலிபரப்பை முடித்து வீடு திரும்பினால் விடியும் வரை கைப்பேசிதான். மறுநாள் வெறுப்பு, சத்தியம், இரண்டு நாளில் மீண்டும் அதே.

கைப்பேசியை எப்போதும் கவிழ்த்தே வைத்திருந்ததை என் மனைவி கவனித்தாள். ஒரு நாள் இரவு, “யாருங்க அந்தப் பொண்ணு?” என்று கேட்டாள். அப்படி ஒரு பெண் இல்லை. உண்மையைச் சொல்வதைவிட, ஒரு பெண் இருக்கிறாள் என்று ஒப்புக்கொள்வது எளிதாகத் தோன்றியது எனக்கு. நான் மௌனமாக நின்றேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தைப்பிங்கில் உள்ள தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நாங்கள் ஈப்போவில் ஒரு தமிழ்த் தேவாலயத்துக்குச் செல்கிறவர்கள். அந்தப் பத்து ஆண்டுகளும் நான் ஜெபிக்காமல் இருந்ததில்லை. அதனால், ‘ஜெபித்தால் போய்விடும்’ என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். ரகசியமாகப் பாவம் செய்தேன். ரகசியமாகவே மன்னிப்பும் கேட்டேன். எதுவும் மாறவில்லை.

மனைவி இல்லாமல் தனியாக உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, சபைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். எழுபதைத் தாண்டியவர், தோட்டத்தில் பால் வெட்டியவர். ஒரு காலத்தில் சம்பளத்தில் பாதியைக் கள்ளுக்கடையிலேயே விட்டவர். என்னவென்று கேட்டார். அன்று எப்படியோ சொல்லிவிட்டேன். முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது இதுதான்:

“நான் குடிச்சது லயத்துக்கே தெரியும் தம்பி. தள்ளாடிக்கிட்டு வருவேன், நாய் குரைக்கும், பொண்டாட்டி அழுவா. தெரிஞ்சதாலதான் போதகர் என்னைத் தேடி வந்தாரு. ஒன்னோட கள்ளுக்கடைக்கு ஓசையே இல்லையே. யாரு தேடி வருவா?”

தோட்டத்துக் கள்ளுக்கடையை நம் முன்னோர் கண்ணால் பார்த்தார்கள். அதனால் எதிர்க்கவும் முடிந்தது. 1947இல் கெடா, பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராகத் திரண்டது நம் வரலாறு. இன்றைய கடை நம் சட்டைப் பையில் இருக்கிறது. மறியல் செய்ய அதற்கு வாசல் இல்லை.

பெரியவர் கண்ட உண்மையை 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் இருவர் கண்டார்கள். பில் வில்சன் என்ற பங்குத் தரகர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வியாபாரம் தோற்று ஒரு ஹோட்டலில் நின்றபோது, மதுக்கூடம் அவரை இழுத்தது. அவர் தேவாலயம் ஒன்றுக்குத் தொலைபேசியில் அழைத்து, தன்னைப் போன்ற இன்னொரு குடிகாரரிடம் பேச வேண்டும் என்றார். அப்படிச் சந்தித்தவர்தான் ராபர்ட் ஸ்மித் என்ற மருத்துவர். இருவரும் ஒரு கிறிஸ்துவ ஐக்கியத்தில் பழகியவர்கள். அவர்கள் பேசிய பேச்சிலிருந்து பிறந்ததே, ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்ற இயக்கம். தன் தவறுகளை இன்னொரு மனிதரிடம் மனம் திறந்து சொல்வது அதன் 12 படிகளில் ஒன்று. வேதாகமத்தில் யாக்கோபின் நிருபமும் இதையே வலியுறுத்துகிறது.

ஹாலிவுட் நடிகர் டெர்ரி குரூஸ் 2016இல் முகநூலில் காணொளி வெளியிட்டு, ஆபாசப் படப் பழக்கத்தால் தன் மணவாழ்க்கை உடையும் நிலைக்குப் போனதையும், மறுவாழ்வு மையத்துக்குச் சென்றதையும் சொன்னார். அவரும் கிறிஸ்துவர். மறைக்க மறைக்க அதற்குப் பலம் கூடியது, வெளியே சொன்னபோது குறைந்தது என்பதே அவர் அனுபவம்.

ஆலோசகரைப் பார்க்கும்படியும் பெரியவர் சொன்னார். நான் ஓராண்டு தள்ளிப்போட்டேன். மனநல உதவி என்றாலே, “தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்” என்று கேலி பேசுகிற ஊர் நம்முடையது. 1911இல் அங்கே திறக்கப்பட்ட மருத்துவமனை, இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனையாக எத்தனையோ பேருக்குச் சிகிச்சை தருகிறது. கேலி மட்டும் மாறவில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை ஒரு கோளாறாக இடம்பெற்றுள்ளது. ஆறு மாதங்களோ அதற்கு மேலோ தூண்டுதலை அடக்க முடியாமல் குடும்பமும் வேலையும் பாதிக்கப்படுவது அதன் அடையாளம். வெறும் குற்ற உணர்வை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வரக்கூடாது என்றும் அந்தப் பட்டியல் சொல்கிறது. ஒருமுறை பார்த்துவிட்ட பிள்ளையை நோயாளி ஆக்கிவிடாதீர்கள், பெற்றோர்களே.

எனக்கு உதவியவை சின்னச் சின்ன விஷயங்கள். இரவு வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பேசியை வரவேற்பறையில் வைத்துவிடுவேன்; படுக்கையறைக்கு அது வராது. களைப்பும் தனிமையும் சேரும் நேரத்தில்தான் நான் விழுகிறேன் என்பதை ஆலோசகர் புரியவைத்தார். சனிக்கிழமை காலையில் பெரியவர் அழைப்பார். “என்னா தம்பி, கடைப் பக்கம் போனியா?” என்பார். போனேன் என்றால் திட்ட மாட்டார். எத்தனை மணிக்கு, என்ன மனநிலையில் என்று கேட்பார். பிறகு ஜெபிப்போம். முதல் ஆண்டில் பலமுறை ‘போனேன்’ என்றுதான் சொன்னேன்.

முன்பெல்லாம், பழக்கத்தை விட்டால்தான் கடவுள் மன்னிப்பார் என்று நினைத்தேன். மன்னிப்பு முதலில் வருகிறது, அந்தப் பலத்தில்தான் விட முடிகிறது என்று இப்போது நம்புகிறேன். அந்த நம்பிக்கைதான் தைப்பிங்குக்குப் போய் மனைவியிடம் உண்மையைச் சொல்லும் துணிவைத் தந்தது. அவள் உடனே மன்னிக்கவில்லை. “என்கிட்ட என்னா குறைனு நெனைச்சே நான் இத்தனை நாள் அழுதேன்,” என்றாள். அவளிடம் ஒரு குறையும் இல்லை. இதை ஒவ்வொரு கணவனும் தன் மனைவியிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூன்று மாதம் கழித்து வீடு திரும்பினாள். என்னை நம்புவதற்கு இன்னும் அதிக காலம் ஆனது.

இன்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தாத்தா பால் வெட்டிய தோட்டம் செம்பனையாகிவிட்டது. லயங்கள் இல்லை. கள்ளுக்கடை இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் புல்லுக்குள் கிடக்கிறது. பெரியவர்தான் அழைத்துப்போய்க் காட்டினார்.

போன சனிக்கிழமையும் அவர் கூப்பிட்டார்.

“போகல தாத்தா,” என்றேன்.

“நல்லது. அடுத்த சனிக்கிழமை கூப்பிடறேன்,” என்றார்.