கல்யாணப் பொருத்தமும் இரத்தப் பரிசோதனையும்



கோலா தெர்லா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து எடுக்கும் உங்களிடம் ஒரு கேள்வி. தேயிலை பூத்துக் காய்த்துப் பார்த்திருக்கிறீர்களா? கவாத்தும் கொழுந்தெடுப்பும் ஓயாமல் நடக்கும் மலையில் பூவுக்கு இடமில்லை. கவனிப்பாரின்றி மரமாக வளர்ந்துவிட்ட செடியில்தான் அந்த வெள்ளைப் பூவைக் காணலாம். அந்தப் பூவுக்கு ஒரு குணம் உண்டு. தன் செடியின் மகரந்தத் தூள் விழுந்தால் பெரும்பாலும் அது காய்ப்பதில்லை. வேறொரு செடியின் தூளைத் தேனீயோ ஈயோ கொண்டு வந்தால்தான் நன்றாகக் காய் பிடிக்கும்.

விலங்குகளிடமும் இதைப் பார்க்கிறோம். யானைக் கூட்டத்தில் ஆண் கன்று பருவம் வந்ததும் தாய்க் கூட்டத்தை விட்டு விலகிப் போய்விடுகிறது. மிக நெருங்கிய இரத்தம் தமக்குள் கலப்பதை இயற்கை பல வழிகளில் தவிர்க்கிறது.

நாமும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பங்காளி வீட்டில் பெண் எடுப்பதில்லை. மாமன் வீட்டில் எடுக்கிறோம். சிலர் அக்காள் மகளையே மணக்கிறார்கள். நம் நாட்டின் 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் மாமனும் மருமகளும் மணப்பதை மற்றவர்களுக்குத் தடுத்தாலும், இந்துக்களுக்கு வழக்கப்படி அனுமதிக்கிறது. ஆகவே இதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் உடம்பு பங்காளி, மாமன் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. சித்தப்பா மகளானாலும் மாமன் மகளானாலும் நமக்கும் அவளுக்கும் பொதுவான மரபுக்கூறுகள் எட்டில் ஒரு பங்கு. அக்காள் மகள் என்றால் நாலில் ஒரு பங்கு.

பொதுவாக இருப்பதில் என்ன கெடுதல்? இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பின் ஒவ்வொரு வேலைக்கும் நம்மிடம் இரண்டு ஓலைகள் இருக்கின்றன. ஒன்று அப்பா கொடுத்தது, மற்றது அம்மா கொடுத்தது. ஒன்றில் எழுத்துப் பிழை இருந்தாலும் மற்றது நன்றாக இருந்தால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும். அப்படிப்பட்டவரைக் 'கடத்தி' என்கிறோம். அவருக்கு நோய் இல்லை. தம்மிடம் பிழை இருப்பதும் அவருக்குத் தெரியாது. அதே பிழை உள்ள இருவர் மணந்தால்தான் சிக்கல். ஒரே பாட்டன் வழி வந்த இருவரிடம் அதே பிழை இருக்கும் வாய்ப்பு அதிகம்.

வீட்டில் இரண்டு காசுகளைச் சுண்டிப் பாருங்கள். தலையைப் பிழை என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் தலையாக விழுவது நாலில் ஒரு வாய்ப்பு. இரண்டு கடத்திகளுக்கு ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் இதே கணக்குத்தான். முதல் பிள்ளை நோயோடு பிறந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்குப் பயமில்லை என்று எண்ணக்கூடாது. ஒவ்வொரு முறையும் காசைப் புதிதாகச் சுண்டுகிறோம்.

பயமுறுத்துவது என் நோக்கமல்ல. சாதாரணமாகப் பிறக்கும் நூறு குழந்தைகளில் இரண்டு மூன்றுக்குப் பிறவிக் குறை இருக்கும். மாமன் மகள், அத்தை மகன் மணந்தால் அதோடு இன்னும் இரண்டு மூன்று கூடும். பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. ஆனால் அந்த இரண்டு மூன்றில் ஒன்று நம் வீட்டில் பிறந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டும்.

தலசீமியா என்ற நோயைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடுமையான வகையில், குழந்தையின் உடம்பு நல்ல சிவப்பணுக்களைப் போதிய அளவு உண்டாக்காது. மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை பிறர் இரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடம்பில் இரும்பு தேங்கி இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும்; அதை வெளியேற்றத் தனி மருந்தும் வேண்டும். இது ஆயுள் முழுதும் நடக்கும்.

இன்னொன்று அரிவாள் செல் நோய். சிவப்பணு அரிவாள் போல் வளைந்து, இரத்தக் குழாயை அடைத்து, கடும் வலி தரும். 1952இல் நீலகிரி மலைவாழ் மக்களிடமும், அதே ஆண்டில் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடமும் இதைக் கண்டறிந்தார்கள். இந்தப் பிழைகள் மறையாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. கடத்தியாக இருப்பவரை மலேரியா அவ்வளவாகக் கொல்வதில்லை. அன்று முன்னோரைக் காத்த ஓலைதான் இன்று இரண்டு சேரும்போது பேரப்பிள்ளையை வாட்டுகிறது.

"எங்களுக்குள் சொந்தமில்லையே" என்று சிலர் சொல்லலாம். கங்காணிகள் தங்கள் ஊராரையும் உறவினரையுமே இங்கு அழைத்து வந்தார்கள். 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்திய பின், தோட்டங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்தோம். நமக்குத் தெரியாத சொந்தமும் இருக்கக்கூடும். சொந்தமே இல்லாத இருவரும் கடத்திகளாக இருக்கலாம்.

இனிச் செலவுக்கு வருவோம். குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட்தான் கட்டணம். ஆனால் மாதம் ஒரு முறை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தானா ராத்தாவுக்கோ, மலையிறங்கி ஈப்போவுக்கோ போனால், போக வரச் செலவும் அன்றைய சம்பளமும் போகும். ஒரு முறைக்கு இரண்டு நாள் வேலை போனால், ஆண்டுக்கு 24 நாள் சம்பளம் இல்லை. தனியார் மருத்துவக் காப்புறுதி நம்மில் பலரிடம் இல்லை. வைத்திருந்தாலும், பல காப்புறுதிகள் பிறவி நோய்க்குப் பணம் தருவதில்லை. சொக்சோ தொழிலாளியின் விபத்துக்கும் உடல் இயலாமைக்கும் உதவும்; பிள்ளையின் பிறவி நோய்க்கு அல்ல.

குடியுரிமை இல்லாதவர் நிலை இன்னும் கடினம். 2014ஆம் ஆண்டுக் கட்டண ஆணை அவர்களுக்குத் தனி விகிதம் வைத்திருக்கிறது. கணவர் குடிமகனாக இருந்தாலும், மனைவி வெளிநாட்டவராக இருந்து திருமணம் பதியப்படாவிட்டால், பிள்ளைக்குக் குடியுரிமை கிடைப்பது சிக்கலாகும். கோயிலில் தாலி கட்டினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பதிவும் பிள்ளையின் மருத்துவச் செலவோடு சேர்ந்த விஷயம்.

ஆகவே, பத்துப் பொருத்தத்தோடு இதையும் பாருங்கள். இது ஏ, பி, ஓ என்ற இரத்த வகை பார்ப்பதல்ல. இரத்த வகை ஒத்துப்போனாலும் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. அரசாங்கக் கிளினிக்கில் "தலசீமியா சோதனை வேண்டும்" என்று கேளுங்கள். அரிவாள் செல் பற்றியும் கேளுங்கள். 2016இல் நான்காம் படிவ மாணவர்களுக்குப் பள்ளியிலேயே தலசீமியா சோதனை தொடங்கியது. சம்மதப் பாரம் வந்தால் கையெழுத்திடுங்கள். முடிவுச் சீட்டைப் பிறப்புப் பத்திரத்தோடு பத்திரமாக வையுங்கள்.

ஒரு வேண்டுகோள். பெண்ணை மட்டும் சோதனைக்கு அனுப்பி, கடத்தி என்றதும் ஒதுக்கிவிடுவது அநியாயம். நோய் வர இருவரின் ஓலையும் வேண்டும். மாப்பிள்ளை முதலில் கையை நீட்டட்டும். அவரிடம் இந்தப் பிழைகள் இல்லையென்றால், பெண் கடத்தியாக இருந்தாலும் பிள்ளைக்கு இந்த நோய் வராது. இருவருமே கடத்திகள் என்றால், டாக்டரைக் கலந்து, விவரம் அறிந்து முடிவு செய்யலாம். முடிவு அவர்களுடையது.

பந்தலுக்கும் விருந்துக்கும் கடன் வாங்கவும் தயங்காதவர்கள் நாம். ஒரு காலை நேரத்தை இந்தச் சோதனைக்கு ஒதுக்கினால், பிறக்கப்போகும் பிள்ளைக்கு நாம் தரும் முதல் சீர் அதுவே.